காலரில் தைத்த நாடா

ஜனவரி 11

என் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் தையல் மிஷினும் சுகம். மூன்று பேரில் மிஷின் ஒன்றுதான் முனகாமல் வேலை செய்கிறது. உன் உடம்பு எப்படி? ஊரார் நாடியைப் பிடிக்கிற மும்முரத்தில் உன் நாடி ஓடுகிறதா என்று பார்க்க மறந்துவிடாதே.

பார்சலில் மூன்று யூனிபார்ம் சட்டை இருக்கிறது. வழக்கம்போல் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். போனில் நீ "ம்", "சரி", "வெச்சிடறேன்" என்று மூன்றே வார்த்தையில் குடும்பம் நடத்துகிறவன். காகிதத்தில் மட்டும் கொஞ்சம் தாராளம் காட்டுவாய். அதற்காகத்தான் நாலாம் வகுப்போடு நின்றவள் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஐடி கார்டை மூன்றாவது தடவையாகத் தொலைத்துவிட்டாய், ஆஸ்பத்திரியில் கொடுத்த கயிற்றின் பிளாஸ்டிக் கொக்கி தொட்டாலே கழன்றுகொள்கிறது என்று எழுதியிருந்தாய். அந்தக் கவலையை அக்கா தீர்த்துவிட்டேன். நல்ல கெட்டி நாடாவாகப் பார்த்து எடுத்து, இரண்டாக மடித்து, காலர் தையலுக்குள்ளேயே இரண்டு முனையையும் நுழைத்து டபுள் தையல் போட்டிருக்கிறேன். கொக்கியும் இல்லை, கழல்வதும் இல்லை. உன் மாமா சட்டையை ஜன்னல் கம்பியில் மாட்டி, நாடாவைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தார். ஜன்னல்தான் ஆடியது. இனி அந்தக் கார்டு உன்னை விட்டுப் போகாது. பெண் எவளும் உன்னோடு அப்படி ஒட்டிக்கொள்ளவில்லை, கார்டாவது ஒட்டிக்கொள்ளட்டும்.

எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டரை அடித்துவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். உன்மேல் எவனாவது கை வைத்தால் உடனே எழுது. பெரிய கத்தரிக்கோலோடு வருகிறேன். இதில் மட்டும் விளையாட்டு இல்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா

*

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மிஷினுக்கு எண்ணெய் விடு.

சட்டைகள் சரியாக இருக்கின்றன. கார்டு பதினோரு நாளாகத் தொலையவில்லை. என் வேலையில் இது ஒரு சாதனை.

ஹெட் சிஸ்டர் நாடாவைத் தூக்கிப் பார்த்து, "இது ரூல்ஸ்ல இல்லையே பிரதர்" என்றார். இங்கே ஆண் நர்ஸை எல்லாரும் பிரதர் என்றுதான் கூப்பிடுவார்கள். "எங்க அக்கா தைச்சது" என்றேன். "அப்ப ரூல்ஸுக்கு மேலதான்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அடிப்பதைப் பற்றிக் கேட்டிருந்தாய். எமர்ஜென்ஸியில் கட்டில் பதினான்கு. இன்று நோயாளிகள் முப்பத்தொரு பேர். கூட வருகிறவர்கள் கத்துவார்கள். அது வேலையோடு சேர்ந்தது. வாசலில் ஒரு காவலர் இருக்கிறார். அவருக்கு முழங்கால் வலி. அவரையும் நாங்கள்தான் பார்க்கிறோம்.

கவலைப்படும்படி ஒன்றும் இல்லை.

தம்பி

*

பிப்ரவரி 12

துரைக்கு,

அக்காவின் அநேக விசாரிப்பு. இங்கே எனக்கு இடுப்பு, உன் மாமாவுக்குக் கண் என்று ஆளுக்கொன்றாகப் பங்கிட்டுக்கொண்டோம். சண்டை இல்லை.

ஊருக்கெல்லாம் நீ பிரதர், எனக்கு மட்டும் தம்பி. அப்படிப் பார்த்தால் உன் வார்டில் படுத்திருக்கிற அத்தனை பேரும் எனக்கும் சொந்தம்தான். சொந்தக்காரர்களைக் கேட்டதாகச் சொல். சீக்கிரம் எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்.

உள்ளே பஞ்சு வைத்துக் காவலரின் முழங்காலுக்கு இரண்டு உறை தைத்து அனுப்பியிருக்கிறேன். அளவு தெரியாது. உன் மாமா முழங்காலை வைத்து வெட்டினேன். பெரிதாக இருந்தால் அவரைக் கொஞ்சம் சதை போடச் சொல். ஏதாவது நடந்தால் அவர் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்து, கூட்டிப் பெருக்கியும் விடுவார்கள் போலிருக்கிறதே!

கத்துவது வேலையோடு சேர்ந்தது என்று எழுதியிருக்கிறாய். என் கடையிலும் கத்துவார்கள். "சொன்ன தேதிக்குக் குடுக்கலையே" என்று. ஆனால் யாரும் அதை என் வேலையில் சேர்த்தது இல்லை. இது எந்தக் கணக்கு என்று விவரமாக எழுது.

பதில் போடு. சட்டை கிழிந்தால்தான் கடிதம் என்று வைத்துக்கொள்ளாதே.

அக்கா

*

மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். பதில் தாமதமாகிவிட்டது. வேலை.

தொண்டை கட்டியிருக்கிறது. அதனால் போன் எடுக்கவில்லை. வேறு ஒன்றும் இல்லை.

மூன்று சட்டைகளையும் இத்துடன் அனுப்புகிறேன். செய்ய வேண்டிய மாற்றங்கள்: நாடாவை எடுத்துவிட வேண்டும். காலரையும் எடுத்துவிட்டு வட்டக் கழுத்து வைக்க வேண்டும். கழுத்தின் அளவை இரண்டு அங்குலம் கூட்ட வேண்டும். பட்டனுக்குப் பதில் இழுத்தால் திறந்துகொள்கிற பிரஸ் பட்டன். தோளில் ஒற்றைத் தையல் போதும்.

ஒரு சட்டையில் நாடா ஸ்ட்ரெச்சர் கம்பியில் மாட்டிக்கொண்டது. அதனால்தான்.

மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

*

மார்ச் 21

தம்பிக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உன் தொண்டை தேவலையா? வெந்நீர் குடி என்று நர்ஸுக்கே சொல்கிறேன், என் நேரம்.

பார்சலைப் பிரித்ததும் முதலில் கோபம்தான் வந்தது. இருபத்தாறு வருஷமாகத் தைக்கிறேன். தையல் விட்டுப்போச்சு என்று திட்டியவர்கள் உண்டு. தையல் பலமாக இருக்கிறது, கொஞ்சம் பலவீனமாகப் போட்டுக் கொடு என்று கேட்ட முதல் வாடிக்கையாளர் துரைதான். "உன் தம்பிக்குச் சட்டையா வேணும், இல்ல காத்தாடியா?" என்று உன் மாமா கேட்கிறார்.

அப்புறம் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

எனக்குப் படிக்கத் தெரிந்தது கொஞ்சம். துணி படிக்கத் தெரியும். கம்பியில் மாட்டினால் நாடா கீழ்ப்பக்கமாக இழுபடும், ஓரிடத்தில் மட்டும் கசங்கும். இந்த நாடா கயிறு மாதிரி முறுக்கேறி இருக்கிறது. நெசவு முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. காலரின் பின்பக்கம் நைந்திருக்கிறது. நாலைந்து தடவை துவைத்திருக்கிறாய், ஆனாலும் உள் மடிப்பில் பழுப்பாக ஒன்று இருக்கிறது. தையலில் ஒரு கண்ணிகூட விடவில்லை.

ஸ்ட்ரெச்சருக்கு எப்போதடா விரல் முளைத்தது?

சட்டைகள் கேட்டபடி தயார். நீ பதில் போட்டதும் அனுப்புகிறேன். பணயமாக வைத்திருக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தொண்டை சரியாகிவிட்டது.

எமர்ஜென்ஸியிலிருந்து ஸ்டோர் ரூமுக்கு மாற்றியிருக்கிறார்கள். கையுறை, பஞ்சு, குழாய்கள் எல்லாம் எண்ணி வைக்கிற வேலை. ஜன்னல் ஒன்று. கதவு ஒன்று. நான் உட்காரும் இடத்திலிருந்து கதவு தெரிகிறது. வசதியான இடம்.

நாடா நல்ல நாடா. தையல் நல்ல தையல். அதைப் பற்றி இனி எழுதாதே.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பி,

நீ கடைசியாக எழுதிய பிறகு இது மூன்றாவது கடிதம். முன்னே போட்ட இரண்டும் கிடைத்திருக்கும். தபால்காரரை நிறுத்தி வைத்துக் கேட்டேன். "குடுக்கறதுதாம்மா என் வேலை, படிக்க வைக்கறது இல்ல" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை மிதித்துப் போய்விட்டார்.

சட்டைகளை அனுப்பிவிட்டேன். பணயத்துக்கு நீ மசிகிற ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டது.

நான் சிரிப்பாக எழுதுவதால் எதையும் தாங்க மாட்டேன் என்று நினைக்கிறாயா? அப்பா போனபோது நீ பதினொன்றாம் வகுப்பு. அடுத்த நாள் பரீட்சைக்கு உன்னைத் தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்து அழுதவள் நான்தான்.

எழுது. இரண்டு வரி போதும். பொய் என்றாலும் கொஞ்சம் நீளமாக எழுது, எங்கேயாவது பிரிசல் தெரியும்.

அக்கா

*

மே 5

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நாம் பார்த்துக்கொண்டதில்லை. உங்கள் தம்பி வேலை செய்த எமர்ஜென்ஸி பிரிவின் தலைமைச் செவிலியர் நான். உங்கள் முகவரியைப் பார்சல் உறையிலிருந்து எடுத்தேன். அவருக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

பிப்ரவரி 26, காலை பதினோரு மணிக்கு, மூச்சுத்திணறலோடு ஒரு வயதான அம்மாவை அவருடைய மகன் கூட்டிவந்தார். பிரதர்தான் ஆக்சிஜன் வைத்தார். அந்த அம்மா பயந்து அவர் விரலைப் பிடித்துக்கொண்டார். நாற்பது நிமிடம் விரலைக் கொடுத்தபடியே நின்றார். காப்பாற்ற முடியவில்லை, அந்த அம்மா இறந்துவிட்டார். டாக்டர் வேறொரு கட்டிலில் இருந்ததால் மகனிடம் இவரே சொன்னார். அந்த ஆள் இவர் கழுத்து நாடாவைப் பிடித்து முறுக்கி, கட்டிலிலிருந்து மருந்து அலமாரி வரை இழுத்துப்போனார். எங்கள் கயிற்றின் கொக்கி இழுத்தால் கழன்றுவிடும். அதற்காகத்தான் அப்படிச் செய்கிறார்கள். இது கழலவில்லை. விரல்களைப் பிரிக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. ஒன்பது நாள் இவருக்குக் குரல் வரவில்லை.

கழுத்து ஆறிவிட்டது. மற்றது ஆறவில்லை. திரும்பி வந்த மூன்றாம் நாள், கவுண்டரில் யாரோ டோக்கன் கேட்டுச் சத்தம் போட்டார்கள். கையிலிருந்த தட்டைப் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். அரை மணி நேரம் நின்றார். அதனால்தான் ஸ்டோர் ரூமுக்கு மாற்றினேன். கையுறைப் பெட்டிகளை எண்ணி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார். எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை.

மே 19 அன்று விசாரணை. நிர்வாகத்தில் ஒரு காகிதம் தயாரித்துக் கொடுத்திருக்கிறார்கள். "சீருடையில் விதிக்கு மாறாக நானே செய்துகொண்ட மாற்றத்தால் காயம் ஏற்பட்டது, எனக்கு யார்மீதும் புகார் இல்லை" என்று. கையெழுத்துப் போடத் தயாராக இருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "புகார்னு போனா நாடா யாரு தைச்சதுன்னு கேப்பாங்க சிஸ்டர். அக்காவுக்குத் தெரிஞ்சா அப்புறம் மிஷின்ல உக்காரவே மாட்டா" என்றார்.

அந்த நாடாவை நானும் பார்த்தேன், சிரித்துவிட்டுப் போனேன். விசாரணையில் அதைச் சொல்வேன். ஆனால் காகிதத்தில் கையெழுத்து அவருடையது.

உங்கள் உடல்நலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தலைமைச் செவிலியர்

*

மே 10

ஆஸ்பத்திரியில் விசாரணை செய்கிற ஐயாமார்களுக்கும் அம்மாமார்களுக்கும்,

கும்பிடுகிறேன். எல்லாரும் சுகமாக இருக்க வேண்டும்.

நான் தையல்காரி, நாலாம் வகுப்பு. எழுத்தில் பிழை இருந்தால் பிரித்துத் தைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் எமர்ஜென்ஸியில் அடிபட்ட பிரதருக்குக் காலரில் நாடா தைத்துக் கொடுத்தது நான். அவன் கேட்கவில்லை, நானாகத் தைத்தேன். கார்டு தொலையக்கூடாது என்று நினைத்தேன். கழுத்தை நினைக்கவில்லை. அது என் தப்பு. நாடாவுக்கு உண்டான தப்பை என் பேரில் எழுதிக்கொள்ளுங்கள். அந்த நாடாவை இழுத்த கையை நான் தைக்கவில்லை. அதை என் பேரிலும் எழுதாதீர்கள், என் தம்பி பேரிலும் எழுதாதீர்கள்.

இன்னொன்று. உங்கள் கயிற்றின் கொக்கி இழுத்தால் கழல்கிற மாதிரி செய்தது என்று இப்போதுதான் தெரிந்துகொண்டேன். அப்படியென்றால் உங்களிடம் வேலை செய்கிறவர்களின் கழுத்தை யாராவது பிடித்து இழுப்பார்கள் என்று உங்களுக்கு முன்னாலேயே தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியாது, அதனால் நாடா தைத்தேன். தெரிந்த நீங்கள் கொக்கியைத் தவிர வேறு என்ன செய்தீர்கள்?

அந்த மகனுக்கு அம்மா போன துக்கம். எனக்கும் புரிகிறது. கடைசியில் அந்த அம்மாவுக்குப் பிடித்துக்கொள்ள விரல் கொடுத்தது யார் என்று அவருக்கு யாராவது சொன்னீர்களா?

என் கையெழுத்துக் கோணலாக இருந்தாலும் கையெழுத்துதான்.

தையல்காரி

*

மே 10

தம்பி,

யார் சொன்னது என்று கேட்காதே. துணி சொன்னது என்று வைத்துக்கொள்.

நீ நினைத்தது சரி. இரண்டு நாள் மிஷினில் உட்காரவில்லை. உன் மாமா உட்கார்ந்து ஒரு பாவாடைக்கு இரண்டு பக்கமும் மூடித் தைத்து வைத்தார். மூன்றாம் நாள் நானே எழுந்து உட்கார்ந்தேன். நான் அழுவேன் என்று பயந்துதானே மறைத்தாய்? அழுது முடித்தாயிற்று. இனி அந்தச் சாக்கு உனக்கு இல்லை.

கூட இருக்கிற காகிதம் விசாரணைக்காரர்களுக்கு. கொடுப்பதும் கிழிப்பதும் உன் இஷ்டம். அவர்கள் நீட்டுகிற காகிதத்தில் கையெழுத்துப் போடுவதும் போடாததும்கூட உன் இஷ்டம்தான். உன்னால் முடியவில்லை என்றால் போட்டுவிட்டு வா, ஒன்றும் கெட்டுப்போகாது. எனக்காக மட்டும் போடாதே. அந்தப் பாரத்தை என்னால் சுமக்க முடியாது.

உடம்பு எப்படி என்று கேட்கிறேன். இந்தத் தடவை "நலம்" என்று எழுதினால் கடிதத்தைத் திருப்பி அனுப்புவேன்.

அக்கா

*

ஜூன் 4

அக்காவுக்கு,

தூக்கம் இரண்டு மணி நேரம். எடை ஆறு கிலோ குறைந்திருக்கிறது. பின்னால் யார் நடந்து வந்தாலும் நின்று வழிவிடுகிறேன். நோயாளியின் மூச்சை எண்ண வேண்டியவன் வாசலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுகிறேன். ஊசி போடக் கை வரவில்லை. இதுதான் என் உடம்பு.

விசாரணை பழைய லெக்சர் அறையில் நடந்தது. அந்த ஆளும் வந்திருந்தார். நினைவில் இருந்ததைவிடக் குள்ளமாக இருந்தார். "நான் அவர் சட்டையைத்தான் புடிச்சேன்" என்றார். உன் கடிதத்தைக் கொடுத்தேன். தலைவர் புரட்டிப் பார்த்தார்.

"யாரு இது?"

"என் டெய்லர் சார்."

"டெய்லர் எதுக்குய்யா எங்களுக்கு லெட்டர் போடறாங்க?"

"அக்கா சார்."

உரக்கப் படித்தார். பிரித்துத் தைத்துக்கொள்ளுங்கள் என்ற இடத்தில் ஒருவர் சிரித்தார். கொக்கியைப் பற்றிய இடம் வந்ததும் நிர்வாக அதிகாரி, "இதெல்லாம் சம்பந்தமில்லாதது, விட்டுடலாம் சார்" என்றார். ஹெட் சிஸ்டர், "முழுசாப் படிங்க சார்" என்றார். படித்தார். விரல் கொடுத்த வரியில் அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர்கள் தயாரித்த காகிதத்தை என் முன்னால் வைத்தார்கள். அதிலிருந்த மூன்று வரிகளையும் அடித்துவிட்டு, "அவர் என் கழுத்தை நெரித்தார்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது. அவர்கள் காத்திருந்தார்கள்.

புகார் போலீசுக்குப் போயிருக்கிறது. சீருடையை மாற்றியதற்காக எனக்கு ஒரு மெமோ கொடுத்திருக்கிறார்கள், ஹெட் சிஸ்டருக்கும் ஒன்று. வாசலில் இன்னொரு காவலரைப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை.

நேற்று மூன்றாம் மாடியில் மனநல டாக்டரைப் பார்க்கப் போனேன். சீட்டு எழுதுகிறவர் தலையைத் தூக்காமல் என்ன பிரச்சினை என்று கேட்டார். "அடிச்சுட்டாங்க" என்றேன்.

"அடிபட்ட கேஸெல்லாம் கீழ எமர்ஜென்ஸி."

"அங்கேர்ந்துதான் வர்றேன்."

அப்போதுதான் தலையைத் தூக்கிச் சட்டையைப் பார்த்தார். எழுதிக்கொண்டிருந்த நோட்டை மூடி வைத்துவிட்டு, மேஜைக்குள்ளிருந்து வேறொரு நோட்டை எடுத்தார். "ஸ்டாஃபுக்குத் தனி நோட்டு" என்றார். இந்த மாதம் பிறந்து மூன்று நாள்தான். நான் ஏழாவது.

வெளியே பெஞ்சில் எங்கள் வார்டைத் துடைக்கும் அம்மா இருந்தார். ரத்தப் பரிசோதனைக்கூடத்து மேடம் இருந்தார். ஆம்புலன்ஸ் ஓட்டுகிற அண்ணன் இருந்தார். தினமும் ஒருவரை ஒருவர் கடந்து போகிறவர்கள்தான். யாரும் யாரையும் என்ன என்று கேட்கவில்லை. நான் சுவரோரமாக நின்றுகொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து ஓட்டுநர் அண்ணன் பக்கத்தில் வைத்திருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒரு மணி நேரம் ஆகும். எவ்வளவு நேரம் நிப்பீங்க?" என்றார்.

உட்கார்ந்தேன்.

தம்பி